சின்னக் கபுர்கள் சொல்லும் வரலாறு

பொன்விழா மலர் என்றால் சில பக்கங்கள் கட்டாயம் இருக்கும். சங்கத்தைத் தொடங்கியவர்கள், தலைவர்களாகவும் செயலாளர்களாகவும் இருந்து உழைத்தவர்கள், நடத்திய விழாக்கள், வழங்கிய உதவிகள் என்று அந்தப் பட்டியல் நீளும். இவை எல்லாம் எழுதி வைக்கப்பட வேண்டியவைதான். ஆனால் நம் குடும்பங்களின் வரலாற்றில் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத சிலர் இருக்கிறார்கள். பிறந்த சில நாள்களிலோ, சில மாதங்களிலோ, பள்ளிக்கூடம் போகும் வயதிலோ, பெற்றவர்களுக்கு முன்பே போய்விட்ட பிள்ளைகள் அவர்கள். அந்தப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அதற்குப் பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்பதும் நம் வரலாறுதான். அதைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கட்டும் என்று மலர்க் குழுவினரிடம் கேட்டேன். சம்மதித்த அவர்களுக்கு நன்றி.

இப்படிக் கேட்கத் தோன்றியதற்கு என் உம்மாதான் காரணம். உம்மா ஆறு பிள்ளைகள் பெற்றவர். வளர்ந்தது ஐந்து பேர். எனக்கு நேர் மூத்த காக்கா எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் கண்டு வஃபாத் ஆனார். அது 1950-களின் தொடக்கம். எங்கள் குடும்பம் அப்போது சைனாடவுனில், சவுத் பிரிட்ஜ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடி அறையில் இருந்தது. கைக்குழந்தைக்குச் சந்தூக்கு வேண்டியதில்லை என்று வாப்பா இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு மாடிப்படி இறங்கினாராம். உம்மா ஜன்னலில் நின்று தெருமுனை வரை பார்த்திருக்கிறார். அவ்வளவுதான் அவர் பார்க்க முடிந்தது. அழ ஆரம்பித்தபோது கூட இருந்த பெண்கள், "அழாதே புள்ளே, அழுதால் ஈமானுக்கு ஆகாது" என்று சொல்லி அடக்கிவிட்டார்கள். அந்தச் சொல் உம்மாவின் மனத்தில் ஐம்பது ஆண்டுகள் இருந்தது.

அந்தச் சொல் சரிதானா? நம் மார்க்கமும் நம் வரலாறும் பிள்ளையை இழந்தவர்களுக்கு என்ன சொல்கின்றன? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதிலைத் தேடுகிறது.

பெரிய பள்ளியும் தெலுக் ஆயர் கரையும்

சைனாடவுனில் நம்மவர்களின் வரலாறு சவுத் பிரிட்ஜ் ரோட்டிலிருந்துதான் தொடங்குகிறது. ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கால் வைத்தது 1819-இல். அடுத்த சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள், அன்சார் சாஹிபின் தலைமையில், 1826-இல் ஜாமிஆ பள்ளிவாசலை நிறுவினார்கள். இப்போது நாம் பார்க்கும் கட்டடம் 1830-க்கும் 1835-க்கும் இடையில் எழுந்தது. நம் முன்னோர் அதைப் பெரிய பள்ளி என்றார்கள். தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்டில் 1827-இல் கூரைக் குடிசையாகத் தொடங்கிய அல் அப்ரார் பள்ளிவாசலுக்குக் குச்சுப் பள்ளி என்று பெயர். அதே தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையில் நாகூர் தர்கா கட்டப்பட்டது. இந்த மூன்று இடங்களும் 1974-இல் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன.

இன்று தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்டில் நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கடல் தூர்க்கப்படும் வரை அந்தத் தெருவே கடற்கரையாக இருந்தது. நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால் பக்கமிருந்து வந்தவர்கள் கரையேறியதும் கண்ட முதல் தெரு அது. பெரும்பாலும் ஆண்கள் தனியாகத்தான் வந்தார்கள். மனைவியும் பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள். தந்தி வருவதற்கு முந்திய அந்தக் காலத்தில் கடிதம் கப்பலில்தான் வர வேண்டும். கப்பல் பருவக்காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். ஊரில் குழந்தை தவறிய செய்தி இங்கே கடையில் நிற்கும் தகப்பனுக்குக் கிடைக்கும்போது, அந்தக் கபுரின் மேல் புல் முளைத்திருக்கும். முகம் பார்க்கவில்லை, மண் போடவில்லை. அந்த மனிதருக்கு இருந்ததெல்லாம் பள்ளிவாசலின் ஒரு ஸஃப்பும், பக்கத்தில் நின்று தொழுத ஊர்க்காரரின் தோளும்தான். நம் சங்கங்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே சங்கம் செய்யும் வேலையைப் பள்ளிவாசல் தூண்களின் அடியில் உட்கார்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்டார்கள்.

தெலுக் ஆயரின் தர்கா நாகூர் ஷாஹுல் ஹமீது நாயகத்தின் நினைவாக எழுப்பப்பட்டது. அவர் அடங்கியிருப்பது நாகூரில். அவரைப் பற்றி வழிவழியாக வரும் வரலாற்றில் நம் தலைப்போடு சேர்ந்த ஒரு செய்தி உண்டு. லாகூரில் பிள்ளையில்லாத ஒரு தம்பதி அவரிடம் துஆச் செய்யக் கேட்டார்கள். பிறந்த முதல் பிள்ளையை அவரிடமே ஒப்படைத்தார்கள். யூசுப் என்ற அந்தப் பிள்ளையை அவர் தம் மகனாக வளர்த்தார். நாகூர் தர்காவைப் பரம்பரையாகப் பராமரித்து வரும் சாஹிபுமார்கள் தங்களை யூசுபின் வழியினராகவே சொல்லிக்கொள்கிறார்கள். தர்கா வழக்கங்களைப் பற்றி நம்மிடையே வேறு வேறு கருத்துகள் இருக்கலாம். ஆனால் பெறாத பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்க்கும் செய்தி அந்த மரபின் நடுவிலேயே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இறப்பு அடிக்கடி வந்த வீடுகள்

இன்றைய பெற்றோர்களுக்கு அந்தக் காலத்தைப் புரியவைப்பது கடினம். சிங்கப்பூரில் 1950-இல் உயிரோடு பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளில் 80-க்கும் மேற்பட்டவை ஒரு வயது நிறையும் முன் இறந்தன. 1960-இல் அந்த எண்ணிக்கை 35 அளவுக்கு இறங்கியது. இன்று ஆயிரத்துக்கு 2 என்ற அளவில் இருக்கிறது. நல்ல தண்ணீர், தடுப்பூசி, தாய்சேய் நல நிலையங்கள், மருத்துவமனைப் பிரசவம் ஆகிய எல்லாம் சேர்ந்து செய்த மாற்றம் இது. 1924-இல் மகப்பேற்று மருத்துவமனையாகத் தொடங்கிய கண்டாங் கெர்பாவில் 1966-ஆம் ஆண்டு மட்டும் 39,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. உலகில் வேறெந்த மகப்பேற்று மருத்துவமனையிலும் அன்று அத்தனை பிரசவம் இல்லை. நம்மில் பலர் அங்கே பிறந்தவர்கள்தாம்.

அதற்கு முந்திய தலைமுறையில், ஒரு பிள்ளையைக்கூடப் பறிகொடுக்காத வீடு என்று எண்ணினால் விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்லா வீட்டிலும் நடந்ததால் துக்கம் குறைந்தது என்று நினைக்கக்கூடாது. பேசுவதுதான் குறைந்தது. "அவனுக்குப் பதில் அல்லாஹ் இன்னொன்று தருவான்" என்று சொல்லி அடுத்த வேலையைப் பார்க்கச் சொன்னார்கள். பத்துக்குப் பத்து அறையில் ஒரு குடும்பம் என்று வாழ்ந்த கடைவீடுகளில், தாய் ஒதுங்கி அழுவதற்கு ஒரு மூலைகூட இருந்ததில்லை.

அந்தப் பிள்ளைகளில் பலர் பிடாடரியில் அடங்கினார்கள். பிடாடரி முஸ்லிம் அடக்கத்தலம் 1910-இல் திறக்கப்பட்டது. பிடாடரி 1972-இல் மூடப்பட்ட பிறகு சுவா சூ காங்தான் நம் மண்ணாயிற்று. வீடமைப்புக்கு நிலம் தேவைப்பட்டபோது 2001-லிருந்து 2006 வரை பிடாடரிக் கபுர்கள் தோண்டப்பட்டன. முஸ்லிம் கபுர்கள் மட்டும் 68,000. எடுக்கப்பட்டவை சுவா சூ காங்கில் மறு அடக்கம் செய்யப்பட்டன. 1998 முதல் புதிதாக அடக்கம் செய்யப்படும் கபுர்களுக்கும் 15 ஆண்டுகள்தான் காலக்கெடு. சின்னத் தீவில் இது தவிர்க்க முடியாதது என்று நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

பிடாடரிச் செய்தி தமிழ் முரசில் வந்த நாளில் உம்மாவுக்கு எழுபத்தைந்து வயதைத் தாண்டியிருந்தது. செய்தியை வாசித்துக் காட்டினேன். "அப்ப அவனை எங்கே கொண்டுபோறாங்க?" என்று கேட்டார். அத்தனை ஆண்டுகளில் அவர் காக்காவைப் பற்றிப் பேசி நான் கேட்டது அதுவே முதல் தடவை. எட்டு மாதக் குழந்தை, ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன, எலும்பென்று எடுக்க ஒன்றும் இருக்காது, மண்தான் இருக்கும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னதை நான் மெதுவாகச் சொன்னேன். "மண்ணுன்னாலும் அவன் மண்ணுதானே" என்றார். பிறகு அழுதார். ஐம்பது ஆண்டுகளாக அடக்கி வைத்திருந்த அழுகை அது. அழுது முடித்து முகம் துடைத்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நான் இப்படி அழலாமா?" என்பதுதான்.

மதீனாவில் ஒரு நாள்

அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தபோது, பதில் நாம் சிறு வயதில் மதரஸாவில் படித்த வரலாற்றிலேயே இருப்பதைக் கண்டேன்.

நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பிள்ளைகள் ஏழு பேர். காசிம், அப்துல்லாஹ், இப்ராஹீம் என்ற மூன்று ஆண் மக்களும் சிறு வயதிலேயே இறந்தார்கள். பெண் மக்களில் ருகையா, ஸைனப், உம்மு குல்தூம் (ரலி) மூவரும் அவர்கள் வாழும்போதே வஃபாத் ஆனார்கள். அவர்களுக்குப் பின் உயிரோடு இருந்தவர் பாத்திமா (ரலி) ஒருவர்தான். அவரும் சுமார் ஆறு மாதங்களில் போய்ச் சேர்ந்தார். தம் பிள்ளைகளில் ஆறு பேரைத் தாமே வழியனுப்பிய தகப்பன் அவர்கள். இதை நாம் அறிவோம். ஆனால் நினைத்துப் பார்ப்பதில்லை.

மாரியா (ரலி) பெற்ற இப்ராஹீம் ஒன்றரை வயதளவில் உயிர் பிரியும் தறுவாயில் இருந்தபோது, நாயகம் அவர்கள் பிள்ளையைக் கையில் ஏந்தினார்கள். கண்ணீர் வடிந்தது. கூட இருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), தாங்களுமா அழுகிறீர்கள் என்ற பொருளில் வியந்து கேட்டார். இது இரக்கம் என்று விளக்கினார்கள் நாயகம். கண் அழுகிறது, உள்ளம் வருந்துகிறது, ஆனால் இறைவனுக்குப் பொருந்தாததை நாவு சொல்லாது என்பதே அவர்கள் காட்டிய எல்லை. ஆக, அழுகையைத் தடுக்கவில்லை. உடையைக் கிழிப்பது, முகத்தில் அறைவது, ஒப்பாரி வைத்து விதியைப் பழிப்பது ஆகியவற்றைத்தான் தடுத்தார்கள். நம் பெண்கள் இரண்டையும் ஒன்றாக்கிக் கண்ணீரையே ஹராமாக்கிவிட்டார்கள்.

அன்றே இன்னொன்றும் நடந்தது. சூரிய கிரகணம் பிடித்தது. கணக்கிட்டுப் பார்த்தவர்கள் அதை 632-ஆம் ஆண்டு ஜனவரி 27 என்று குறிக்கிறார்கள். நபியின் மகன் இறந்ததற்காகச் சூரியனே இருண்டுவிட்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். மகனை இழந்த ஒரு தகப்பனுக்கு அந்தப் பேச்சு ஆறுதலாகக்கூட இருந்திருக்கலாம். நாயகம் அதை ஏற்கவில்லை. யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் சூரிய சந்திர கிரகணம் ஏற்படுவதில்லை என்று தெளிவுபடுத்தி, மக்களைத் தொழுகைக்கு அழைத்தார்கள். மகனை அடக்கிய துக்கத்திலும் சமூகத்துக்கு உண்மையைச் சொல்லும் கடமையை விடவில்லை. காலையில் கண்ணீர் விட்டவரும், அதே நாளில் மக்களைத் திருத்தியவரும் ஒருவரே. துக்கமும் கடமையும் ஒரு மனத்தில் சேர்ந்து இருக்க முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று நமக்குத் தேவையில்லை.

மூன்று மகள்களை இழந்த அறிஞர்

நம் மதரஸாக்களின் அலமாரியில் பல தொகுதிகளாக நிற்கும் நூல் ஃபத்ஹுல் பாரீ. ஸஹீஹுல் புகாரீக்கு எழுதப்பட்ட விரிவுரைகளில் தலைசிறந்ததாகக் கருதப்படுவது. அதை எழுதிய இமாம் இப்னு ஹஜர் அல் அஸ்கலானீ (ரஹ்) எகிப்தில் 1372-இல் பிறந்து 1449-இல் மறைந்தவர். அவருடைய பெயர் தெரிந்த பலருக்கும் அவருடைய வீட்டு வரலாறு தெரியாது.

அவர் சிறு பிள்ளையாக இருந்தபோதே தாயும் தகப்பனும் இறந்துவிட்டார்கள். வணிகர் ஒருவர் பொறுப்பேற்று வளர்த்தார். அக்கா அவருக்கு இன்னொரு தாயாக இருந்தார். இப்படி அனாதையாக வளர்ந்த பிள்ளைதான் பின்னாளில் எகிப்தின் தலைமைக் காழி ஆனது. அது கொள்ளைநோய் அலை அலையாக வந்துகொண்டிருந்த காலம். 1417-ஐ ஒட்டி வந்த கொள்ளைநோயில் பாத்திமா, ஆலியா என்ற இரு மகள்களை அவர் இழந்தார். 1430-ஐ ஒட்டி வந்த கொள்ளைநோயில் மூத்த மகள் ஸைன் காத்தூன் கர்ப்பிணியாக இருந்த நிலையில் இறந்தார்.

அவர் என்ன செய்தார்? கொள்ளைநோய் பற்றி நபிமொழிகளும் மருத்துவர்களும் வரலாறும் சொல்வதைத் திரட்டி பத்லுல் மாஊன் என்ற நூலை எழுதினார். தம்மைப் போல் இழந்தவர்களுக்கு அறிவும் ஆறுதலும் தரும் நூல் அது. 1414-ஐ ஒட்டித் தொடங்கிய ஃபத்ஹுல் பாரீயையும் அவர் விடவில்லை. அது முடிந்தது 1438-இல். அதாவது, அந்த நூல் எழுதப்பட்ட கால் நூற்றாண்டுக்குள்தான் அவருடைய மூன்று மகள்களின் கபுர்களும் அடங்கியிருக்கின்றன. அந்த நூலை ஓதி ஆலிம்களானவர்கள் நம் பள்ளிவாசல்களிலும் பயான் செய்திருக்கிறார்கள். யாரோ ஒரு வணிகர் ஓர் அனாதைப் பிள்ளையைக் கைவிடாததும், அந்தப் பிள்ளை தகப்பனாகித் தன் பிள்ளைகளை இழந்தபோதும் பேனாவைக் கைவிடாததும் சேர்ந்து நமக்குத் தந்த செல்வம் அது.

குண்டு விழுந்த தெருவில் ஒரு பள்ளிக்கூடம்

மீண்டும் நம் ஊருக்கு வருவோம். மேக்ஸ்வெல் ரோடு பக்கம் கடையநல்லூர் ஸ்ட்ரீட் என்று ஒரு பெயர்ப் பலகை இன்றும் நிற்கிறது. தமிழகத்தின் ஓர் ஊர்ப் பெயர் சைனாடவுனில் நிற்பதற்குக் காரணம், தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடும்பம் குடும்பமாக வந்து வாழ்ந்த கடையநல்லூர் மக்கள். 1941 டிசம்பர் 8 அதிகாலையில் ஜப்பானிய விமானங்கள் சிங்கப்பூரின் மேல் முதல் தடவை குண்டு போட்டபோது சைனாடவுனும் தப்பவில்லை. அடுத்த சில வாரங்களில் துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார் திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டது. மூன்றரை ஆண்டு ஆக்கிரமிப்பில் குண்டுக்குத் தப்பியவர்களைப் பசியும் நோயும் பிடித்தன. மருந்தும் பாலும் இல்லாத அந்த ஆண்டுகளில் முதலில் போனவர்கள் குழந்தைகளும் முதியவர்களும்தாம்.

போர் முடிந்தது 1945-இல். மறு ஆண்டே, 1946-இல், சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் அந்த வட்டாரத்தில் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. அரிசிக்கே பங்கீட்டுச் சீட்டு வேண்டியிருந்த காலத்தில், கையில் பணமில்லாத ஒரு சமூகம் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, மிஞ்சியிருக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டியது. பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்த அது 1982 வரை நடந்தது. சமயம் பாராமல் எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். அந்தப் பெயர் இன்று உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையமாக வாழ்கிறது. அந்தப் பள்ளியைப் பற்றி எழுதும்போது நாம் கல்விச் சேவை என்று எழுதுகிறோம். போருக்கு மறு ஆண்டு என்பதையும் சேர்த்து நினைத்தால், அது ஒரு துக்க வீட்டிலிருந்து எழுந்த பள்ளிக்கூடமும்தான்.

நாகப்பட்டினத்தில் ஒரு வீடு

ரஜூலா கப்பலில் வந்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். நாகப்பட்டினத்தில் ஏறி பினாங்கு வழியாகச் சிங்கப்பூரில் இறங்கியவர்கள். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை அந்த நாகப்பட்டினத்தைக் கடல் அடித்தது. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். இந்தியாவில் மிக அதிகமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டம் அதுவே. இறந்தவர்களில் பிள்ளைகள் ஏராளம். நாகூரில் உயிர் தப்பியவர்கள் தர்காவில் தஞ்சம் புகுந்தார்கள். பரங்கிப்பேட்டை ஜமாஅத்தினர் மீனவக் குப்பங்களிலிருந்து ஓடி வந்தவர்களுக்குச் சோறாக்கிப் போட்டார்கள்.

அன்று நாகப்பட்டினத்தில் கரிபீரான் பரமேஸ்வரன் என்ற எண்ணெய் நிறுவனப் பொறியாளருக்குப் பிறந்தநாள். அவர் கிறிஸ்தவர். விருந்துக்கு வந்திருந்த உறவினர்களோடும் தம் மூன்று பிள்ளைகளோடும் கடற்கரைக்குப் போனார். மனைவி சூடாமணி வீட்டில் இருந்தார். அலை வந்தது. பரமேஸ்வரன் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு உயிர் பிழைத்தார். மூன்று பிள்ளைகளும் உறவினர்கள் ஏழு பேரும் போய்விட்டார்கள். தம் பிள்ளைகளைத் தம் கையாலேயே அவர் அடக்கம் செய்தார். அதற்குப் பின் வாழவே விருப்பமற்றிருந்த நாள்களைப் பற்றி இருவரும் மறைக்காமல் பேசியிருக்கிறார்கள்.

அந்த நாள்களில்தான், பெற்றோரை இழந்து தெருவில் நின்ற பிள்ளைகள் அவர்கள் கண்ணில் பட்டார்கள். இங்கே பிள்ளையில்லாத பெற்றோர்; அங்கே பெற்றோரில்லாத பிள்ளைகள். தம் பிள்ளைகள் ஓடி விளையாடிய வீட்டின் கதவை அவர்கள் திறந்துவிட்டார்கள். முதலில் நான்கு பிள்ளைகள் வந்தார்கள். பிறகு பதினாறு. ஆண்டுகள் செல்லச் செல்ல முப்பதுக்கும் மேல். அந்த இல்லத்துக்கு அவர்கள் வைத்த பெயர் நம்பிக்கை. அவர்களுக்கும் பின்னர் இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக வளர்ந்தார்கள். அங்கே வளர்ந்தவர்கள் படித்து வேலைக்குப் போய், திருமணமும் ஆகி, தங்கள் பிள்ளைகளோடு அந்த வீட்டுக்கு வந்து போகிறார்கள்.

அவர்கள் நம் மார்க்கத்தவர் அல்லர். ஆனாலும் இந்த மலரில் அவர்களைப் பற்றி எழுத நான் தயங்கவில்லை. தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்டில் குச்சுப் பள்ளியும் தியான் ஹோக் கெங் கோயிலும் நாகூர் தர்காவும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் நம் பெரிய பள்ளியும் மாரியம்மன் கோயிலும் ஒரே வரிசையில் நிற்கின்றன. பிள்ளையை இழந்தவரின் துக்கம் எந்த வாசலில் நின்றாலும் ஒன்றுதான்.

நாம் செய்யக்கூடியது

இந்த வரலாறுகளிலிருந்து எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

முதலாவது, அழுகை ஈமானுக்கு எதிரி அல்ல. ஜனாஸா வீட்டில் "அழாதே" என்று சொல்ல வாய் வரும்போது மதீனாவை நினைத்துக்கொள்வோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே போதும்.

இரண்டாவது, புதிதாகக் கிடைக்கும் எதுவும் போன பிள்ளைக்குப் பதில் ஆகாது. நாகப்பட்டினத் தம்பதி முப்பது பிள்ளைகளை வளர்த்தாலும் அந்த மூன்று பேரை மறக்கவில்லை. போன பிள்ளைகளின் மேல் இருந்த பாசத்தைத்தான் இந்தப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். ஆகவே, "இன்னொன்று பெற்றுக்கொள்" என்று சொல்வதை விட்டுவிடலாம். கருவிலேயே கலைந்த பிள்ளைக்கும், இறந்தே பிறந்த பிள்ளைக்கும் தாய் மனத்தில் ஓர் இடம் உண்டு. பிள்ளையை இழந்து பொறுமை காத்து இறைவனைப் புகழ்ந்தவருக்குச் சொர்க்கத்தில் புகழின் இல்லம் கட்டப்படும் என்ற நற்செய்தி நபிமொழியில் இருக்கிறது. கருவில் தவறிய பிள்ளையைப் பெற்றவர்களையும் அந்த ஆறுதலிலிருந்து நாம் ஒதுக்கக்கூடாது.

மூன்றாவது, யாரையும் அவசரப்படுத்தக்கூடாது. துக்கத்திலிருந்து ஒரு நோக்கம் பிறக்கலாம். ஆனால் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும் "இனி எழுந்து ஏதாவது செய்" என்று சொன்னால் பிறந்துவிடாது. எல்லோரும் இல்லம் தொடங்க வேண்டியதும் இல்லை. ஒரு பிள்ளையின் கல்விச் செலவை ஏற்பது, ஒரு பிள்ளைக்கு அலிஃப் பே ஓதிக் கொடுப்பது, இதே துக்கத்தில் இருக்கும் இன்னொரு தாயைப் போய்ப் பார்ப்பது என எதுவாகவும் இருக்கலாம்.

நான்காவது சங்கத்துக்கான வேண்டுகோள். ஜனாஸா அன்று நாம் எல்லோரும் போகிறோம். வாகனம், உணவு எல்லாம் ஏற்பாடு செய்கிறோம். அதில் நாம் குறை வைத்ததில்லை. ஆறு மாதம் கழித்தும், ஒரு வருடம் கழித்தும் அந்த வீட்டுக் கதவைத் தட்டும் வழக்கத்தையும் சேர்த்துக்கொள்வோம். தாயோடு தகப்பனையும் விசாரிப்போம். வேலைக்குத் திரும்பிவிட்டார் என்பதற்காக அவர் தேறிவிட்டார் என்று எண்ணிவிடக்கூடாது. அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லியே விசாரிப்போம். பெயரைச் சொன்னால் புண் கிளறும் என்று நாம் பயப்படுகிறோம். பெயரை யாருமே சொல்லாததுதான் என் உம்மாவின் ஐம்பது ஆண்டுப் புண்.

உம்மாவின் கதையில் சொல்ல மறந்த ஒன்று உண்டு. காக்கா வஃபாத் ஆகி ஓராண்டுக்குள், அந்தக் கடைவீட்டு மாடியில் உம்மா பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கத் தொடங்கினார். முதலில் பக்கத்து அறைப் பிள்ளைகள் இரண்டு பேர். பிறகு தெருப் பிள்ளைகள். பின்னர் நாங்கள் தோ பாயோவுக்கு வீடு மாறியபோது அடுக்குமாடிப் பிள்ளைகள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓதிக் கொடுத்தார். யாரிடமும் காசு வாங்கியதில்லை. அதற்குக் காரணம் இருக்கும் என்று நாங்கள் பிள்ளைகள் ஒருவரும் யோசித்ததில்லை. பிடாடரிச் செய்தி வந்த அன்று அழுது ஓய்ந்த பிறகுதான் அவரே சொன்னார்: "ஓதிக் குடுத்த ஒவ்வொரு புள்ளையோட நன்மையிலயும் அவனுக்கும் ஒரு பங்கு கேட்டிருக்கேன்."

அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று நம் சங்கத்தின் உறுப்பினர்கள். இந்த மலரைக் கையில் வைத்திருப்பார்கள். உங்களுக்கு ஓதிக் கொடுத்தவர் யாருக்காக ஓதிக் கொடுத்தார் என்பது இப்போது உங்களுக்கும் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதினேன்.

முன்னே போய்விட்ட நம் பிள்ளைகள் எல்லோரையும், அவர்களைச் சுமந்த தாய் தந்தையரையும் அல்லாஹ் சுவனத்தில் ஒன்று சேர்ப்பானாக. ஆமீன்.